பிழைத்து வந்தவரை யார் கூப்பிடுவது?

ஒருவர் சாவின் வாசல்வரை போய்விட்டார். அக்கம்பக்கத்தார் பார்த்துத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். 108 வண்டி வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர்களும் நர்சுகளும் இரவு பகல் பாராமல் பாடுபட்டு உயிரை மீட்டுவிட்டார்கள். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ ஒரு சீட்டைக் கையில் கொடுத்து, "வீட்டுக்குப் போகலாம்" என்றார்கள். உறவினர்கள் பஸ் ஏற்றி அழைத்துக்கொண்டு போனார்கள்.

அதோடு விவகாரம் தீர்ந்ததா?

தீரவில்லை, தோழர்களே! சோதனை அன்றுதான் ஆரம்பிக்கிறது. ஒரு முறை தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர் மறுபடியும் அந்த எண்ணத்துக்கு ஆளாகும் அபாயம் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. அதிலும் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்த முதல் சில வாரங்களே மிகவும் ஆபத்தானவை. எந்த நாட்களில் அவருக்குத் துணை அதிகம் தேவையோ, அதே நாட்களில் அவரைத் தனியே விட்டுவிடுகிறோம். இந்த நிலைமையைப் பற்றித்தான் இந்த வாரம் பேச விரும்புகிறோம்.

சாகிறவர்கள் யார்?

முதலில் கணக்கைப் பார்ப்போம். சர்க்காரின் குற்றப் பதிவேட்டு நிறுவனமே தரும் கணக்கு இது. 2022 ஆம் ஆண்டில் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர். மாநிலங்களின் வரிசையில் நமக்கு இரண்டாவது இடம். நாடெங்கும் இறந்தவர்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேல், அதாவது நூற்றுக்கு 26 பேருக்கு மேல், தினக்கூலிகள். இது பணக்காரன் வீட்டு நோய் அல்ல. நம் வீட்டு நோய். ஒரு சாவுக்கு ஏறக்குறைய இருபது முயற்சிகள் இருக்கும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பு. அப்படியானால் பிழைத்து வந்து நம் தெருவிலேயே, நம் ஷிப்டிலேயே தலைகுனிந்து நடப்பவர்கள் எத்தனை ஆயிரம் பேர் என்று யோசித்துப் பாருங்கள்.

குமாரபாளையத்திலோ பள்ளிப்பாளையத்திலோ ஒரு விசைத்தறித் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். அட்வான்ஸ் வாங்கித் தறியில் ஏறியவர். பன்னிரண்டு மணி நேர வேலை. அட்வான்ஸ் தீராது, தீராதவரை வேறு பட்டறைக்குப் போக முடியாது. மனைவி பேரில் குழுக் கடன். வாரா வாரம் தவணை. ஒரு வாரம் தவறினால் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். இந்த வட்டாரத்தில் கடன் அடைக்கச் சிறுநீரகத்தையே விற்ற தொழிலாளர்களின் கதை 2025 இல் நாடெங்கும் பேசப்பட்டதை மறந்துவிட முடியுமா?

அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புகிறார். ஐந்து நாள் கூலி போயிற்று. மருந்துச் செலவுக்குப் புதிதாகக் கடன் ஏறியிருக்கிறது. தவணைக்காரன் நிற்கிறான். பட்டறையில் "இவனை வைத்துக்கொண்டால் வம்பு" என்கிறார்கள். பெரியவர்கள், "இப்படிக் குடும்ப மானத்தை வாங்கிவிட்டாயே" என்று ஏசுகிறார்கள். அக்கம்பக்கத்தார் எதிரே பார்த்தால் பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள். எந்தக் கஷ்டம் அவரைச் சாவுக்குத் தள்ளியதோ அந்தக் கஷ்டம் அப்படியே இருக்கிறது. அவமானம் ஒன்று கூடச் சேர்ந்திருக்கிறது. அவரிடம், "எப்படி இருக்கிறீர்கள்? ராத்திரி தூக்கம் வருகிறதா?" என்று கேட்க ஒரு நாதி இல்லை.

ஒரு டெலிபோன் என்ன செய்துவிடும்?

"ஒரு டெலிபோன் பேச்சு உயிரைக் காப்பாற்றுமா?" என்று சிலர் சிரிக்கலாம். சிரிக்க வேண்டாம். இது சோதித்துப் பார்த்த விஷயம்.

உலக சுகாதார ஸ்தாபனம் ஐந்து ஊர்களில் ஒரு பரிசோதனை நடத்தியது. நம் சென்னை, இலங்கையின் கொழும்பு, பிரேசிலின் காம்பினாஸ், ஈரானின் கராஜ், சீனத்தின் யுன்செங் ஆகியவை அந்த ஊர்கள். ஐந்துமே நம்மைப் போன்ற நாடுகளின் ஊர்கள். தற்கொலைக்கு முயன்று ஆஸ்பத்திரிக்கு வந்த 1,867 பேரை இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றப் பிரிவினருக்கு அந்தச் சிகிச்சையோடு இன்னும் இரண்டு காரியங்கள். ஒன்று, வீட்டுக்கு அனுப்பும் சமயத்தில் ஒரு மணி நேரம் தனியே உட்கார்ந்து பேசினார்கள். இரண்டு, அதற்குப் பிறகு ஒன்றரை வருஷத்தில் ஒன்பது முறை டெலிபோனிலோ நேரிலோ தொடர்புகொண்டார்கள். முதல் வாரம், இரண்டாம் வாரம், நான்காம், ஏழாம், பதினொன்றாம் வாரம், பிறகு நான்காம் மாதம், ஆறாம் மாதம், ஒரு வருஷம், ஒன்றரை வருஷம். அவ்வளவுதான். தொடர்புகொண்டவர்கள் டாக்டர், நர்ஸ், மனநல ஊழியர் போன்றவர்கள். பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. விலையுயர்ந்த மருந்தும் இல்லை.

முடிவு 2008 இல் வெளியாயிற்று. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் ஒன்றரை வருஷத்துக்குள் 18 பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். கூப்பிட்டுப் பேசப்பட்டவர்களில் இறந்தவர்கள் இரண்டே பேர்! மறு முயற்சிகள் எல்லாம் ஒழிந்துபோகவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் சாவு குறைந்தது. அந்த வித்தியாசத்தை உண்டாக்கியது என்ன? "உன்னை ஒருவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்" என்ற செய்தி, சொன்ன நாளில் தவறாமல் போய்ச் சேர்ந்ததுதான்.

பிரான்ஸ் தேசத்தின் வட பகுதியில் 2015 முதல் இதை ஒரு முறையாகவே ஆக்கியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியை விட்டுப் போகிறவர் கையில் ஒரு நம்பர் எழுதிய அட்டையைக் கொடுக்கிறார்கள். சில வாரங்களுக்குள் அவர்களே கூப்பிட்டுப் பேசுகிறார்கள். பேச முடியாதவர்களுக்குத் தபால் அட்டை அனுப்புகிறார்கள். பின்னர் அது மற்றப் பிரதேசங்களுக்கும் பரவியது.

வழி இருக்கிறது, மனம் வேண்டும்

நம் நாட்டில் எதுவுமே இல்லை என்று சொல்ல மாட்டோம். சென்னையில் "சிநேகா" என்ற தொண்டு நிறுவனம் 1986 முதல் வேலை செய்கிறது. அதை நிறுவியவர் டாக்டர் லட்சுமி விஜயகுமார். 104 என்ற மருத்துவ உதவி எண் இருக்கிறது. 2022 அக்டோபர் 10 அன்று மத்திய சர்க்கார் 14416 என்ற இலவச மனநல எண்ணை ஆரம்பித்தது. தமிழ்நாட்டில் அது "நட்புடன் உங்களோடு மனநல சேவை" என்ற பெயரில் நடக்கிறது. இவை எல்லாம் நல்ல காரியங்களே.

ஆனால் இந்த எண்களை யார் சுழற்ற வேண்டும்? துன்பத்தில் இருப்பவர்தான் சுழற்ற வேண்டும்! கிணற்றில் விழுந்தவரே கயிற்றைத் தேடி எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதுபோல அல்லவா இருக்கிறது? மனம் முற்றிலும் ஒடிந்தவருக்கு நம்பரைத் தேடவும் மனம் வராது, பேசவும் நா எழாது. சென்னைப் பரிசோதனையின் சாரமே இதுதான்: அவர் நம்மைக் கூப்பிடட்டும் என்று காத்திருக்காதே, நீ அவரைக் கூப்பிடு.

"லட்சக்கணக்கான பேரை எப்படிக் கூப்பிடுவது? ஆள் ஏது? பணம் ஏது?" என்று அதிகாரிகள் கேட்பார்கள். பதில் சேலம் ஜில்லாவிலிருந்தே கிடைக்கிறது. 2021 செப்டம்பர் 12 அன்று, நீட் தேர்வு நாளில், மேட்டூர் வட்டாரத்தைச் சேர்ந்த ஒரு மாணவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அடுத்த சில நாட்களில் வேறு ஜில்லாக்களிலும் மாணவர்கள் இறந்தார்கள். நாடு பதறியது. அப்போது மாநில சர்க்கார் என்ன செய்தது? தேர்வு எழுதிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை 104 மூலமாக வலியக் கூப்பிட்டுப் பேசும் வேலையை ஆரம்பித்தது. நாம் அதை வரவேற்கிறோம். பிள்ளைகளைக் கூப்பிட்டது போலத் தறி ஓட்டுகிறவரையும் கரும்பு வெட்டுகிறவரையும் கூப்பிடக் கூடாதா? அவர்கள் உயிர் மட்டும் மலிவா?

சட்டமும் நம் பக்கம்தான்

இதைச் சர்க்காரிடம் பிச்சையாகக் கேட்கவில்லை, சட்டப்படி கேட்கிறோம். வெள்ளைக்காரன் 1860 இல் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 309 ஆம் பிரிவு, பிழைத்து வந்தவரை ஒரு வருஷம்வரை சிறையில் தள்ளலாம் என்றது. சாகப் போனவனுக்குச் சிறைத் தண்டனை! 2017 ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115 ஆம் பிரிவு அதன் பல்லைப் பிடுங்கியது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும். அவரைத் தண்டிக்கக் கூடாது என்று அது சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் பழைய 309 ஆம் பிரிவு கிடையாது. அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்தவோ தடுக்கவோ அப்படி முயல்வது மட்டுமே குற்றமாக வைக்கப்பட்டிருக்கிறது.

அதே 115 ஆம் பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. தற்கொலைக்கு முயன்றவருக்குப் பராமரிப்பு, சிகிச்சை, மறுவாழ்வு கொடுத்து, அது மறுபடி நிகழாமல் அபாயத்தைக் குறைப்பது சர்க்காரின் கடமை என்கிறது. கடமை! கருணை அல்ல. வீட்டுக்கு அனுப்பிய பிறகு ஒரு முறைகூட விசாரிக்காமல் இருந்தால், அந்தக் கடமை எங்கே நிறைவேறியது?

இந்தச் சட்டம் ஊருக்குள் இன்னும் வந்து சேரவில்லை. "போலீஸ் கேஸ் ஆகிவிடும்" என்று பயந்து, "தெரியாமல் நடந்துவிட்டது" என்று ஆஸ்பத்திரியில் பொய் சொல்கிறோம். பொய் சொன்னதும் நோயாளி கணக்கிலிருந்தே மறைந்துபோகிறார். மனநல டாக்டர் அவரைப் பார்ப்பதில்லை. பயத்தை விடுங்கள், டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள்.

நம் சமவெளியின் நிலைமை

சென்னையில் வகுத்த திட்டத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து கொட்டினால் போதாது. நம் நிலைமையைப் பார்க்க வேண்டும்.

தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் நம் ஜனங்கள் எடுப்பதில்லை. ஏன்? தெரியாத நம்பர் என்றால் தவணைக்காரன் என்று அர்த்தம்! மணி அடித்தாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும் வீட்டில், உதவிக்கு வரும் மணியும் பகைவன் மணியாகத்தான் கேட்கும். ஆகையால் வீட்டுக்கு அனுப்பும் முன்பே, "இந்த நம்பரிலிருந்து, இந்தக் கிழமை, இந்த நேரத்தில் நான்தான் கூப்பிடுவேன்" என்று கூப்பிடப்போகிறவரே நேரில் முகம் காட்டிச் சொல்ல வேண்டும். அந்த ஒரு மணி நேரப் பேச்சு இதற்கும் அவசியம்.

நேரம் அடுத்த விஷயம். காலை பத்து மணிக்கு ஆபீசில் உட்கார்ந்துகொண்டு கூப்பிட்டால், தறிச் சத்தத்தில் யார் காதில் விழும்? மரவள்ளிக் காட்டில் கிழங்கு பிடுங்குகிறவர் எடுப்பாரா? இரவு ஷிப்ட் முடித்தவர் தூங்கிக்கொண்டிருப்பார். தொழிலாளி சொல்லும் நேரத்தில் கூப்பிட வேண்டும். திருச்செங்கோட்டு ரிக் வண்டியிலும் நாமக்கல், சங்ககிரி லாரிகளிலும் போகிறவர்கள் வாரக் கணக்கில் வெளி மாநிலங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நேரில் போய்ப் பார்க்கும் வழியே இல்லை. டெலிபோன் ஒன்றே கதி.

பெண்கள் நிலைமை இன்னும் மோசம். பல வீடுகளில் ஒரே போன். அது புருஷன் சட்டைப்பையில். அந்தப் புருஷனின் குடியும் அடியுமே அவள் துன்பத்துக்குக் காரணமாக இருந்தால், அவன் முன்னால் நின்று எதைப் பேசுவாள்? அவளுக்கு டெலிபோன் போதாது; ஒரு பெண் ஊழியர் நேரில் போக வேண்டும். 2021 முதல் "மக்களைத் தேடி மருத்துவம்" என்ற திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளைப் பெண் ஊழியர்கள் வீடு தேடிக் கொண்டுபோகிறார்கள். அவர்களுக்குப் பயிற்சியும் கௌரவமான சம்பளமும் கொடுத்தால் இந்த வேலையையும் செய்ய மாட்டார்களா?

நூல் மில் விடுதிகளை மறந்துவிடக் கூடாது. தூரத்துக் கிராமங்களிலிருந்து கூட்டிவந்த இளம் பெண்களை விடுதியில் வைத்து வேலை வாங்கும் மில்களில், கைபேசி வைத்துக்கொள்ளக் கூடாது, வார்டன் முன்னால்தான் பேச வேண்டும் என்றெல்லாம் கட்டுப்பாடு போடுகிறவை உண்டு. மனம் உடைந்த ஒரு பெண் தன் தாயோடுகூடத் தனியே பேச முடியாத இடத்தில் எந்த உதவி எண் யாருக்கு உதவும்? தனியே பேசும் உரிமை அந்தப் பெண்களுக்கு உயிர் காக்கும் உரிமை.

நம்மிலேயே ஒரு தவறு

சில தோழர்கள் கேட்கலாம்: "கூலி இல்லை, கடன் நெருக்குகிறது, அதனால் சாகிறான். கூலியை உயர்த்தப் போராடுவதை விட்டுவிட்டு டெலிபோனில் ஆறுதல் சொல்வதா? இது புண்ணுக்குப் புனுகு பூசும் வேலை அல்லவா?"

கேள்வி நியாயமானது. கூலியையும் கடனையும் பேசாமல், "மனத்தைத் திடப்படுத்திக்கொள்" என்று உபதேசம் மட்டும் செய்வது மோசடிதான். பட்டினிக்கு மாத்திரை கிடையாது. அதை நாம் என்றும் சொல்வோம். ஆனால் கூலிப் போராட்டம் ஜெயிக்க ஒரு மாதமோ ஒரு வருஷமோ ஆகலாம். அதுவரை அந்தத் தொழிலாளி உயிரோடு இருக்க வேண்டாமா? வீடு பற்றி எரியும்போது, தீ வைத்தவனையும் பிடிக்க வேண்டும்; உள்ளே இருக்கும் குழந்தையையும் தூக்க வேண்டும். ஒன்றைச் செய்தால் மற்றொன்று கெட்டுப்போகாது. அதோடு எல்லாத் துன்பமும் கடனிலிருந்தே வருவதில்லை. மனச்சோர்வு என்பது காமாலை போல, காசநோய் போல ஒரு வியாதியாகவும் வரும்; அதற்குச் சிகிச்சை உண்டு.

நாம் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு தொழிலாளி தற்கொலை செய்துகொண்டால் மாலை வாங்கிக்கொண்டு போகிறோம், மறியல் செய்கிறோம், நஷ்ட ஈடு கேட்கிறோம். சரிதான். ஆனால் பிழைத்து வந்தவர் வீட்டு வாசலை மிதித்திருக்கிறோமா? "என்ன பேசுவது என்று தெரியவில்லை" என்று ஒதுங்கிப் போயிருக்கிறோம். செத்தவருக்குக் கொடுத்த மரியாதையை உயிரோடு இருப்பவருக்குக் கொடுக்கத் தவறிவிட்டோம். இந்தத் தவறை இன்றே திருத்திக்கொள்ள வேண்டும்.

நாம் கேட்பது என்ன?

சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, நாமக்கல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, தாலுகா ஆஸ்பத்திரிகள் எல்லாவற்றிலும் இது விதியாக வேண்டும்:

1. தற்கொலைக்கு முயன்று பிழைத்த ஒவ்வொருவரோடும், வீட்டுக்கு அனுப்பும் முன் பயிற்சி பெற்ற ஊழியர் ஒருவர் ஒரு மணி நேரம் தனியே பேச வேண்டும்.

2. அவர் சம்மதத்தோடு நம்பரை வாங்கி, ஒன்றரை வருஷம் குறித்த நாளில் கூப்பிட வேண்டும். விவரம் ரகசியமாக இருக்க வேண்டும். போன் இல்லாதவர் வீட்டுக்கு நேரில் போக வேண்டும்.

3. கூப்பிடுகிறவர் நிரந்தர ஊழியராக இருக்க வேண்டும். மாதா மாதம் ஆள் மாறும் காண்டிராக்ட் முறை இதற்கு ஆகாது. ஒரே குரல் தொடர்ந்து வந்தால்தான் நம்பிக்கை பிறக்கும்.

4. திரும்பி வந்தவரைப் பட்டறையோ மில்லோ வேலையை விட்டு நீக்கக் கூடாது. விடுதிப் பெண்களுக்குத் தனியே போன் பேசும் உரிமை வேண்டும்.

5. கடன் வசூலில் நடக்கும் கொடுமைகளைத் தடுக்கத் தமிழ்நாடு சட்டமன்றம் 2025 இல் சட்டம் இயற்றியது. அதை ஏட்டில் வைக்காமல் நம் தெருக்களில் அமல் நடத்த வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

சர்க்கார் செய்யும்வரை நாம் கைகட்டி நிற்கக் கூடாது. ஒவ்வொரு தொழிற்சங்கக் கிளையும், விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளையும் நிதானமான இரண்டு பேரைத் தேர்ந்தெடுக்கட்டும். ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். பிழைத்து வந்தவர் வீட்டுக்கு முதல் வாரமே போகட்டும். பிறகு வாரம் ஒரு முறை கூப்பிடட்டும்.

என்ன பேசுவது? "ஏன் இப்படிச் செய்தாய்?" என்று குறுக்கு விசாரணை வேண்டாம். உபதேசமும் வேண்டாம். "சாப்பிட்டீர்களா? தூக்கம் உண்டா? மாத்திரை தீர்ந்துவிட்டதா?" என்று கேளுங்கள். "அந்த எண்ணம் மறுபடி வந்ததா?" என்றும் நேராகவே கேளுங்கள். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடுவோம் என்பது வீண் பயம். கேட்டால் பாரம் இறங்கும். "வந்தது" என்றால் அவரைத் தனியே விடாமல் கூட இருந்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். வயல் மருந்துகளை வீட்டில் வைக்காமல், பூட்டுப் போட்ட பெட்டியில் வேறிடத்தில் வையுங்கள். ஆவேசம் பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும். அந்தக் கொஞ்ச நேரத்தைக் கடத்திவிட்டால் உயிர் தப்பும்.

இதைப் படிக்கிற தோழர்களில் அந்த வாசல்வரை போய்த் திரும்பியவர்களும் இருப்பீர்கள். உங்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் குற்றவாளி அல்ல, கோழையும் அல்ல. தாங்க முடியாத சுமை உங்கள் தலையில் ஏற்றப்பட்டது. அதைப் பங்கு போட்டுக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள். 14416 என்ற எண்ணுக்கும், 104 என்ற எண்ணுக்கும் இரவிலும் கூப்பிடலாம், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். சிநேகாவின் எண் 044-24640050. இந்த எண்களைத் தறிப்பட்டறைச் சுவரிலும், டீக்கடையிலும், சங்க ஆபீஸ் பலகையிலும் எழுதி வையுங்கள்.

ஒரு தறி நின்றால் முதலாளி அரை மணிக்குள் மெக்கானிக்குக்குப் போன் செய்கிறார். ஒரு மனிதர் நின்றுபோனால் யாரும் போன் செய்வதில்லை. இந்த அநியாயம் மாற வேண்டும். சர்க்காரைக் கூப்பிட வைக்கப் போராடுவோம். அதுவரை நாமே கூப்பிடுவோம்!